அத்தையின் கையொப்பம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்று வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து வேண்டுவன செய்பவன் என்பன அந்நான்கு. எம் ஆசிரியர் இதனை வகுப்பில் விளக்கியபோது, உடனிருப்போனை வள்ளுவர் ஒரு தனியுறுப்பாக எண்ணிய நுட்பத்தை ஏனை மாணவர் வியந்தனர். யானோ தலை கவிழ்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதில் யான் அந்நான்காமவனாக இருந்த மாலைப்பொழுது ஒன்றும், அன்று யான் செய்த பிழையும் நினைவிற்கு வந்தமையே அதற்குக் காரணம். ஏழாண்டுகட்குப் பின் அதே கடமை மீண்டும் என்பால் வந்துள்ளது. அது பற்றியதே இக்கட்டுரை.

எம் ஊர் அஞ்செட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், காவிரிக்கு வடபால், மலையும் காடும் சூழ அமைந்தது. கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளையும் மண். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும். யானைகள் காட்டினின்றும் இறங்கும் பருவத்தில் ஆடவர் இரவெல்லாம் கொல்லையில் விழித்திருப்பர். இளைஞர் பலர் தேன்கனிக்கோட்டை வழியாக மலைச்சாலையிற் சென்று ஒசூரின் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்வர். அவ்வாறு சென்றவருள் ஒருவரே என் தந்தையாரின் தங்கையாகிய அத்தையார். அவர் கணவராகிய மாமா சரக்குந்து ஓட்டுபவர். பிள்ளைப்பேறில்லாத அவ்விருவரும், யான் ஐந்து வயதினனாக இருந்தபோதே என்னைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, ஒசூரில் ஆங்கிலப் பள்ளியொன்றில் சேர்த்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடியுமட்டும் படிப்பித்தனர். யான் இன்று கல்லூரியில் இருப்பது அவர்களால் என்றால் மிகையன்று.

அத்தையார் பெருத்த உடம்பினர். 'உண்டு உறங்குவோர்க்கு வரும் நோய் அது' என்று உலகம் எளிதிற் கூறிவிடும். யான் அறிந்த அத்தையார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்து, ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை என உறக்கம் நிலைகுலைந்தது. தைராய்டுச் சுரப்பியின் குறையும் சினைப்பை நீர்க்கட்டிகளும் உடன் சேர்ந்தன. 2011-ஆம் ஆண்டில் அவர் எடை 118 கிலோ. உயரமோ 155 சென்டிமீட்டர். கிலோவிற் கண்ட எடையை மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணையே மருத்துவர் அளவுகோலாகக் கொள்வர். அவ்வெண் 25-ஐ எட்டினாலே இந்தியர்க்குப் பருமன் என்ப, அத்தையார்க்கு 49. இது ஒருவர் வீட்டுக் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு 40.4 பேரும், ஆண்களுள் 37 பேரும் அந்த 25 என்னும் எல்லையைத் தொட்டோர் அல்லது கடந்தோர் ஆவர். எனினும் பேருந்தில் இடம் பிடிக்குங்கால் 'இரண்டு சீட்டு எடுங்கள்' என்று நடத்துநர் சொல்லக் கேட்டு மற்றையோர் நகைத்தது அத்தையார் ஒருவரைப் பார்த்தே. அன்றிரவே அவர் அறுவைக்கு இசைந்தார் என்று மாமா பின்னர்க் கூறக் கேட்டேன்.

முதலில் செய்தது வளையம் பொருத்தும் அறுவை. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோனால் ஆகிய பட்டை ஒன்றை இட்டு, அதனின்று ஒரு குழாயைத் தோலின்கீழ்க் கொணர்ந்து வைப்பர். அதன்வழி உப்பு நீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இறுகிய வளையத்திற்குமேல் சிறிதளவே உணவு தங்குமாதலின் விரைவிற் பசி அடங்கும் என்பது கருத்து. ஈராண்டில் அத்தையாரின் எடை 92 கிலோவாகக் குறைந்தது. ஆனால் 2015-இல் வளையம் இடம் பெயர்ந்தது. உண்டது யாவும் வாய்வழியே திரும்பிற்று. நீரை எடுத்து வளையத்தைத் தளர்த்தினர். வாந்தி நின்றது, எடையோ திரும்பிற்று. 2018-இல் வளையத்தை நீக்கி, இரைப்பையின் பெரும்பகுதியை நெடுக வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரு குழல் போலாக்கும் இரண்டாம் அறுவையைச் செய்வதென முடிவாயிற்று. இரண்டனையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்றனர். வளையத்தை எடுத்துச் சில திங்கள் உடம்பை ஆறவிட்டுப் பின்னரே அடுத்ததைச் செய்யும் மருத்துவரும் உளர் என்பதை யாம் அக்காலத்து அறியோம்.

யான் சொல்லவந்த மாலை இதுவே. மறுநாட் காலை அறுவை. பெங்களூரில் ஒரு மருத்துவமனை அறை. செவிலி ஒருத்தி ஆங்கிலத்தில் அச்சிட்ட இசைவுத் தாள் ஏழினை மாமாவின் கையிற் கொடுத்துக் கன்னடத்தில் ஏதோ விரைந்து கூறிச் சென்றாள். அத்தையார் தமிழில் எட்டாம் வகுப்புவரை பயின்றவர், மாமாவும் அவ்வாறே. எங்கள் மூவருள் ஆங்கிலம் அறிந்தவன் ஏழாம் வகுப்பிற் படித்த யான் ஒருவனே.

"கண்ணு, என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்" என்றார் அத்தையார்.

மாமா என்னைப் புறத்தே அழைத்து, "தம்பி, பயப்படும்படி ஏதாவது இருந்தால் விட்டுவிடு. நிலத்தை விற்றுப் பணம் கட்டியாகிவிட்டது. அவள் மனம் தளர்ந்துவிடக் கூடாது" என்றார். அவர் தீயவர் அல்லர். மனைவிபால் வைத்த அன்பினாலேயே அவ்வாறு சொன்னார். யான் படித்தேன். அறுவையின் பெயரைச் சொன்னேன். எத்தனை நாள் தங்கவேண்டும் என்பதைச் சொன்னேன். மூன்றாம் தாளில் 'கசிவு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், அதன்கீழ் ஐந்தாறு வரிகளும் இருந்தன. காய்ச்சல், நாடித் துடிப்பு மிகுதல், இடத்தோள் வலி இவை தோன்றின் காலந்தாழ்த்தாது திரும்புக என்பது அவ்வரிகளின் பொருள். யான் அத்தாளைத் திருப்பிவிட்டேன். "மற்றவையெல்லாம் விதிமுறைகள், அத்தை" என்றேன். அவர் என் தலையை வருடிவிட்டு, யான் விரல் வைத்துக் காட்டிய ஏழிடங்களிலும் ஒப்பமிட்டார்.

நான்காம் நாள் வீடு வந்தோம். எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. ஊர்நீர் மாறியதால் வந்தது என்று எண்ணிக் கஷாயம் வைத்தனர். இடத்தோள் வலித்தது, படுக்கை சரியில்லை என்று தைலம் தடவினர். யான் அதனைக் கண்டேன். மூன்றாம் தாள் என் நினைவில் எழுந்தது. ஆனால் விட்டுவிட்டதை இப்போது சொன்னால் யாது நேருமோ என்றஞ்சி வாளாவிருந்தேன். பத்தாம் நாள் மூச்சுத் திணறியபின் கொண்டு சென்றனர். இரைப்பையை வெட்டி இணைத்த தையல்வரிசையின் மேல்முனையில் சிறுதுளை ஒன்று. அதன்வழி உள்ளிருப்பது வயிற்றினுட் கசிந்து சீழ் கட்டியிருந்தது. நூற்றுக்கு ஒருவர் இருவர்க்கு நேரக்கூடியது அது. வயிற்றில் வடிகுழாயும், மூக்கின்வழி உணவுக்குழாயுமாக 43 நாட்கள் அத்தையார் கிடந்தார். உயிர் பிழைத்தார். 2020-இல் அவர் எடை 76 கிலோ ஆயிற்று. ஊரார் அவரை வாழ்த்தினர். யான் மட்டும் அவர் முகத்தை நேர்நோக்க நாணினேன்.

இஃதிவ்வாறாக, அத்தையார் ஆலைப்பணியை விட்டு அஞ்செட்டிக்கே திரும்பி, எம் தந்தையார் வீட்டினருகில் மாமாவுடன் வாழ்ந்துவருகின்றார். சென்ற மூன்றாண்டுகளாகப் புதியதொரு துன்பம் அவரைப் பற்றியுள்ளது. இரவில் படுத்தால் அமிலம் தொண்டைமட்டும் ஏறுகிறது. நெஞ்சு எரிகிறது, இருமல் விடுவதில்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்குகின்றார். களியும் கீரையும் உண்டு வளர்ந்த அவர் இன்று களியைக் கண்டால் அஞ்சுகின்றார். எடையோ 97 கிலோவுக்கு ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் வேறொரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன். எண்டோஸ்கோப்புக் குழாயை உட்செலுத்திப் பார்த்த மருத்துவர், உணவுக்குழலின் கீழ்ப்பகுதி புண்பட்டிருப்பதையும், இரைப்பையின் ஒரு பகுதி மார்புக்கூட்டினுள் வழுக்கி ஏறியிருப்பதையும் காட்டினார். குழலாக்கப்பட்ட இரைப்பை குறுகியதாதலின் அதனுள் அழுத்தம் மிகும். அமிலம் மேலேறாது தடுக்கும் அமைப்பும் தளரும். ஆதலின் அவ்வறுவை பெற்றோருட் சிலர்க்கு இத்துன்பம் வருவதுண்டு என்று விளக்கினார். பின்னர் "மூன்றாவதாக ஓர் அறுவை செய்து இதனைத் திருத்தலாம். முடிவு செய்யவேண்டியவர் நீங்களே, அம்மா" என்றார்.

மூன்றாவது! அச்சொல்லைக் கேட்டபோது மருத்துவர்கள்மேல் எனக்குச் சினமே எழுந்தது. கல்லூரிக்குத் திரும்பி இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபின் சினம் ஒருவாறு தணிந்தது. பருமனுக்கு அறுவை செய்யும் முறை 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தோன்றியது. சிறுகுடலின் தொடக்கத்தை அதன் முடிவோடு இணைத்து, உண்ட உணவு உடம்பிற் சேராதபடி செய்தனர். எடை குறைந்தது, ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், ஈரற்கேடும் பலரை வருத்தின. பின்னர் அம்முறையே கைவிடப்பட்டது. இணைத்த குடலை மீண்டும் பிரித்துவிட வேண்டியவர் பலராயினர். அயோவாவைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்பார், குடற்புண்ணுக்காக இரைப்பையிற் பாதியை இழந்த பெண்கள் பின்பு பருப்பதில்லை என்பதைக் கண்டு, 1966-இல் இரைப்பை மாற்றுவழி அறுவையை முதன்முதற் செய்தார். சுருக்கித் தளர்த்தத்தக்க வளையத்தை 1986-இல் குஸ்மாக்கு என்பார் பொருத்தினார். 2001-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. பல்லாயிரவர்க்குப் பொருத்திய அவ்வளையம் இன்று அருகிவிட்டது. பொருத்துவதினும் எடுத்தலே மிகுதி. இரைப்பையைக் குழலாக்கும் அறுவையும், தொடக்கத்தில் ஒரு பெரிய அறுவையின் முதற்படியாகவே அமைந்தது. முதற்படியிலேயே பலர் போதிய அளவு மெலிந்தமையால் அதுவே தனிமுறையாக நிலைத்தது.

ஆகவே திருத்த அறுவை என்பது இத்துறையோடு உடன்பிறந்தது. நோயாளி செய்த குற்றத்திற்குத் தண்டனையாக அது வருவதில்லை. 'வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?' என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் இவ்வரலாற்றை அவர்க்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மருத்துவர் காட்டிய வழிகள் மூன்று. முதலாவது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உண்டு, இரவுணவை முன்னதாகவே முடித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுத்து, உள்ளதைக் கொண்டு வாழ்தல். இரண்டாவது, வாரம் ஒருமுறை ஊசியாற் செலுத்தும் புதுமருந்துகள். டிர்செபடைடு என்பது மவுஞ்சாரோ என்னும் பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளுடைடு என்பது வெகோவி என்னும் பெயரில் அவ்வாண்டு சூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அவை பசியை அடக்கி எடையைக் குறைப்பன. ஆயினும் இரைப்பையினின்று உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவன ஆதலின், எதுக்களிப்பு உடையார்க்கு அதனை மிகுவித்தலும் கூடும். வழுக்கி ஏறிய இரைப்பையை அவை இறக்கமாட்டா. மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். செலவும் எம்போன்றோர்க்குப் பெரிது.

மூன்றாவதே திருத்த அறுவை. இரைப்பையின் மேல்முனையிற் சிறுபை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலை இடையில் வெட்டி, அதன் கீழ்க்கூற்றை மேலே கொணர்ந்து அப்பையோடு இணைப்பர். எஞ்சிய இரைப்பையினின்று வரும் குடற்கூறு சிறிது தொலைவு கீழே சென்று அதனோடு சேரும். இவ்விணைப்பு முறை லோசானைச் சேர்ந்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் சீசர் ரூ என்பாரின் பெயரால் வழங்குகின்றது. மருத்துவர் அதன் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டியபோது, அத்தையார் உற்றுநோக்கி, "ஆடு மேய்க்கிற பையன்கள் வைத்திருக்கும் கவட்டை மாதிரி இருக்கிறது" என்றார். மருத்துவர் நகைத்து, அதனினும் தெளிவாகத் தம் மாணவர்க்கும் தாம் விளக்கியதில்லை என்றார். அமிலம் சுரக்கும் பகுதி உணவு செல்லும் வழியினின்று விலகிவிடுவதால் நெஞ்செரிச்சல் பெரும்பாலோர்க்குத் தணியும். எடை குறைவது முதலறுவை அளவிற்கு இராது. முன்பு இருமுறை வெட்டுண்ட இடத்தில் உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இரத்தவோட்டமும் மாறியிருக்கும், ஆதலின் இடர் முன்னையினும் மிகுதி. இவற்றை ஒளியாது கூறினார்.

வீடு திரும்பியதும் ஊர் முழுதும் ஆலோசனை கூற வந்தது. 2022 மே மாதத்தில் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கத்தின்பின் இறந்ததையும், 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவையின்போது இறந்ததையும் மாமா தம் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். முன்னது தோலின்கீழுள்ள கொழுப்பை நீக்கும் வேறொரு முறை; அதனையும் இதனையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. பின்னதோ இத்துறையைச் சார்ந்ததே. அரசு அதுபற்றி விசாரணைக்கும் ஆணையிட்டது. அஞ்சுதற்குரியதை அஞ்சாமை பேதைமை என்பதை யான் மறுக்கவில்லை. ஆயின் ஒன்றும் செய்யாதிருத்தலும் இடரற்றதன்று. நாட்பட்ட அமிலத்தால் உணவுக்குழலின் உட்புறம் மாறுபட்டு, சிலர்க்குப் புற்றாகவும் முடிவதுண்டு. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வொன்று, பருத்தோருள் அறுவை பெற்றவர்களிடை இறப்பு குறைந்திருந்ததை 2007-இல் வெளியிட்டது. இருபுறமும் எடையுள்ள தராசு இது. இதனைத் தூக்கிப் பார்க்கும் உரிமை எவர்க்கு? மாமாவுக்கா? ஊரார்க்கா? ஆங்கிலம் அறிந்த எனக்கா?

இசைவுத் தாளின் படியொன்றை முன்னதாகவே தருமாறு மருத்துவரை வேண்டினேன், கொடுத்தார். பதினொரு பக்கங்கள். அதனை விடுதிக்குக் கொணர்ந்து, எட்டிரவுகள் அமர்ந்து, அத்தையார் தாமே படித்தறியும்படி தமிழில் எழுதினேன். இலக்கணமும் இலக்கியமும் பயில்கின்றேம் என்று செருக்கிய எனக்கு அவ்வெட்டிரவுகளே மெய்யான தேர்வாயின. குறுக்கம், இணைப்புப் புண் என்பனவற்றை எளிதில் எழுதினேன். குடலின் ஒரு பகுதி உள்ளிடைவெளியில் நுழைந்து மாட்டிக்கொள்ளுதலை, முள்வேலியிற் கன்று தலை நுழைத்து மாட்டிக்கொள்வது போல என்று விளக்கினேன். இனிப்பு விரைந்து குடலில் விழுவதால் வரும் படபடப்பையும் வியர்வையையும், வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டிய இரும்பு, சுண்ணாம்பு, பி12 சத்துக்களையும் எழுதினேன். இறுதியில் நின்ற ஒரு சொல்லுக்கு மட்டும் என் கை ஓடவில்லை. முதலில் 'உயிர்க்கேடு' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'எதிர்பாரா விளைவு' என்றேன். நம்மொழியில் இச்சொல்லை மறைத்துச் சொல்ல எத்துணை வழிகள்! காலமானார் என்போம், தவறினார் என்போம், இறைவனடி சேர்ந்தார் என்போம். துக்க வீட்டில் அவை அன்பின் சொற்களே. இத்தாளிலோ அவை பன்னிரண்டு வயதில் யான் திருப்பிய மூன்றாம் தாளே ஆகும். யாவற்றையும் அடித்துவிட்டு 'இறப்பு' என்றெழுதினேன்.

விடுமுறையில் அஞ்செட்டிக்குச் சென்று, கையெழுத்துப் படியை அத்தையார் கையிற் கொடுத்தேன். திண்ணையிலமர்ந்து, கண்ணாடி அணிந்து, பென்சிலொன்றை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தார். யான் அருகில் அவரை உரித்துக்கொண்டிருந்தேன். நான்காம் பக்கத்தில் அவர் பென்சில் நின்றது.

"கசிவு. காய்ச்சல், இடத்தோள் வலி... கண்ணு, இது எனக்கு வந்ததுதானே?"

"ஆம், அத்தை."

"அந்தத் தாளிலும் இது இருந்ததா?"

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. "இருந்தது. படித்தேன். சொல்லாமல் தாளைத் திருப்பிவிட்டேன். காய்ச்சல் வந்தபோதும் வாய் திறக்கவில்லை" என்றேன். மாமா சொல்லித்தான் அவ்வாறு செய்தேன் என்பதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். ஆனால் வாயிற்படியில் நின்றிருந்த மாமாவே, "விடச் சொன்னது நான்தான்" என்றார்.

அத்தையார் நெடுநேரம் பேசவில்லை. அவர் அழவுமில்லை. பின்னர் என்னை நோக்கி, "பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து இதைப் படிக்கச் சொன்னோமே, அது எங்கள் தப்பு. கொடுத்தவர்கள் தப்பும்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், கண்ணு. அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் காய்ச்சல் வந்த அன்றைக்கே ஓடியிருப்பேன்" என்றார்.

இச்சொற்களை யான் பலகாலும் எண்ணிப் பார்க்கின்றேன். இடரைச் சொன்னால் நோயாளி அஞ்சி ஓடிவிடுவார் என்று எண்ணியே நாம் மறைக்கின்றோம். ஓடுவதற்காக மட்டும் அறிவு வேண்டப்படுவதில்லை. திரும்பி வரவேண்டிய நேரம் எது என்று தெரிவதற்கும் வேண்டப்படுகின்றது. அந்த இரண்டு நாட்களை அத்தையாரிடமிருந்து பறித்தது கசிவன்று, அவர் அறியாமை. அதனை உண்டாக்கியதில் எனக்கும் பங்குண்டு.

2008 சனவரியில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதனை வகுத்துரைத்துள்ளது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்றுவழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள், செய்யாதுவிட்டால் விளைவது ஆகியவற்றை நோயாளிக்கு அறிவித்தபின் பெறுவதே இசைவு. ஒரு செயலுக்குத் தந்த இசைவு மற்றொன்றிற்கு ஆகாது. அரிதினும் அரிதான இடர்கள் அனைத்தையும் அடுக்கவேண்டுவதில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறுகின்றது. ஆயின் அச்சிட்ட தாளிலேயே உள்ளதை நோயாளியின் மொழியிற் சொல்லாது விடுதற்கு அதில் இடமுண்டோ? புரியாத மொழியில் இட்ட ஒப்பம் மையால் ஆகிய கோடேயன்றி வேறன்று.

படித்து முடித்த அத்தையார், கடைசித் தாளின் பின்புறத்தில் தம் கையால் மூன்று வினாக்களை எழுதினார். இந்தத் திருத்த ஆபரேஷனை நீங்களே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் நான் யாருக்குப் போன் செய்வது? வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டால் அதன் பிறகும் என்னைப் பார்ப்பீர்களா? அக்டோபரில் யாங்கள் மூவரும் சென்றபோது, அவரே அத்தாளை மருத்துவரிடம் நீட்டினார். மருத்துவர் ஒவ்வொன்றாகப் படித்தார். தாம் செய்த எண்ணிக்கையைச் சொன்னார். அதில் இருவர்க்கு மீண்டும் வயிற்றைத் திறக்க நேர்ந்ததையும் சொன்னார். இரவில் அழைக்கவேண்டிய எண்ணை எழுதிக் கொடுத்தார். மூன்றாவதற்கு, "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அம்மா" என்றார். வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு வருக என்று அவரே அறிவுறுத்தினார்.

திரும்பும் வழியில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தபோது, "அத்தை, என்ன நினைக்கிறீர்கள்?" என்று மெல்லக் கேட்டேன். "கேப்பை அறுப்பு முடியட்டும். தையில் சொல்கிறேன்" என்றார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாது சன்னலின் புறத்தே நோக்கினார். இக்கட்டுரையை எழுதும் இந்நாள்வரை அத்தாளில் ஒப்பத்திற்கான இடம் வெறுமையாகவே உள்ளது. அதில் அவர் ஒப்பமிடினும் இடாதுவிடினும் அவர் விருப்பம். மாத்திரையோடு சாய்வு நாற்காலியில் உறங்கத் துணிந்தாலும் அது தோல்வியாகாது. மூன்றாம் முறை மேசைமேற் படுக்கத் துணிந்தாலும் அது பேராசையாகாது. எதைத் தெரிந்தாலும் அறிந்து தெரிந்ததாக இருக்கும்.

நண்பர்காள்! நம்முட் பெரும்பாலோர் நம் குடியில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவர். வங்கித்தாள், வழக்குத்தாள், மருத்துவமனைத் தாள் ஆகியவற்றை ஏந்திக்கொண்டு பெற்றோரும் உறவினரும் நம்மிடமே வருவர். 'படித்துச் சொல்' என்பர். அவர்பால் வைத்த அன்பே நம்மை வரி தாண்டச் செய்யும். அவ்வன்பை நம்பாதீர். உள்ளதை உள்ளவாறு, அவர் நாவில் வழங்கும் தமிழிற் சொல்வீராக. சொன்னபின் அவர் அருகில் அமர்ந்திருப்பீராக. வள்ளுவர் எண்ணிய நான்காமவனுக்குரிய தொழில் அதுவே என்று யான் காலந்தாழ்த்து உணர்ந்தேன்.